வீட்டில் நான் நடத்திய இரண்டாவது பள்ளி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, சேலம் குகைப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் குளியலறை வாசலில் என் ஐந்து வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீருடை அணிவித்து, தலை பின்னி, சாப்பாட்டுப் பையையும் எடுத்து வைத்தாகிவிட்டது. வேன் வருவதற்குப் பத்து நிமிடங்களே இருந்தன. "அம்மா, வயிறு வலிக்குது" என்று அவள் சொல்வது அந்த மாதத்தில் ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ, எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அன்று நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "நேற்று ராத்திரி நல்லாத்தானே இருந்த, பள்ளிக்கூடம்னா மட்டும் வலி வந்துருமா?" என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அவள் அழவில்லை. எழுந்து போய்க் காலணியை மாட்டிக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

என் கணவர் ஓமன் நாட்டில் வேலை செய்கிறார். நான் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நானும் என் மாமியாரும் மகளும் மட்டும்தான். மகளின் படிப்பு தொடர்பான எல்லா முடிவுகளையும் நான் தனியாகவே எடுத்தேன், அவற்றில் பல தவறாகப் போயின. அந்த எட்டு மாதங்களில் ஏறத்தாழ முப்பத்தோராயிரம் ரூபாய் செலவானது. அதைவிடப் பெரிய இழப்பு, புத்தகத்தைக் கண்டால் ஓடி வந்து மடியில் உட்கார்ந்த குழந்தை, புத்தகத்தைக் கண்டாலே அறையை விட்டு வெளியேறத் தொடங்கியது. யூ.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு வீட்டில் எந்த அளவு உதவலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அப்போது யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்றே நம்புகிறேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. மகள் தினமும் ஒரு பாட்டோடு வீட்டுக்கு வந்தாள். ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோதுதான் எனக்குள் பயம் புகுந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த தாய், வேறு பிரிவில் படிக்கும் தம் மகன் ஒன்று முதல் நூறு வரை எழுதுவதாகவும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களைத் தானே படிப்பதாகவும் சொன்னார். என் மகளின் நோட்டைத் திறந்து பார்த்தால் நேர்கோடுகளும் சாய்ந்த கோடுகளும் வளைவுகளும், அவற்றுக்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க 'ட' என்ற எழுத்தும் மட்டுமே இருந்தன. 'அ' எங்கே, 'ஆ' எங்கே என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. வகுப்பு ஆசிரியையிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். அன்று வரிசை நீளமாக இருந்தது, பட்டறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, நான் கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் போனதற்குத்தான் எட்டு மாதம் செலவானது.

அடுத்த வாரமே எங்கள் தெருவில் உள்ள ஒரு டியூஷனில் சேர்த்தேன். மாதம் 1,200 ரூபாய், மாலை ஐந்து முதல் ஆறரை வரை. அங்கே எல்.கே.ஜி. முதல் நான்காம் வகுப்பு வரை பதினான்கு குழந்தைகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த அம்மையார் அன்பானவர். அவர்மீது எனக்கு இன்றும் எந்தக் கோபமும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். "நிறைய எழுத வைங்க" என்று கேட்டது நான்தான். ஆகவே உயிரெழுத்து பன்னிரண்டையும் வரிசையாக ஒரு பக்கம், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரு பக்கம், எண்கள் ஒரு பக்கம் எனத் தினமும் மூன்று பக்கங்கள் எழுதவைத்தார். இரவு நான் வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று பக்கங்களையும் திறந்து, கோணலாக இருந்தவற்றை ரப்பரால் அழித்து மீண்டும் எழுதச் சொன்னேன். அப்படி அழித்தது குழந்தைக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்து அழகாக வரவில்லை என்று செப்டம்பரில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஒரு கையெழுத்துப் பயிற்சியில் சேர்த்தேன். அதற்குக் கட்டணம் 4,500 ரூபாய். காலாண்டு விடுமுறையில் அவர்கள் தினசரி வகுப்பு நடத்தினார்கள். அதற்கும் அனுப்பினேன். சரஸ்வதி பூஜையை ஒட்டி, வீட்டுக்கே வந்து செய்முறை காட்டிய ஒரு விற்பனைப் பிரதிநிதியிடம் டேப்லெட்டும் பாட அட்டைகளும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். "அஞ்சு வயசுல அடித்தளம் போடலைன்னா பின்னாடி பிடிக்க முடியாது மேடம்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. வாங்கிய மூன்றாம் வாரத்தில் மகள் அதில் வண்ணமீன் விளையாட்டு ஒன்றைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, குறிப்பிட்ட நாள்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ரசீதின் பின்புறத்தில் காட்டினார்கள். பயத்தில் இருக்கும்போது வீட்டு வாசலில் வைத்து எதையும் வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்து அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு வாரத்தில் பள்ளி ஆசிரியையிடம் அது தேவையா என்று கேளுங்கள்.

வயிற்றுவலி செப்டம்பர் இறுதியில் தொடங்கியது. முதலில் பூச்சி மாத்திரை, பிறகு செரிமான மருந்து, பிறகு வேறொரு மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் என்று டிசம்பர் முதல் வாரத்துக்குள் 6,300 ரூபாய் செலவானது. எல்லா முடிவுகளும் சரியாகவே இருந்தன. மருத்துவரிடம் போனதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். குழந்தை வலியால் இரவில் விழித்தெழுந்தாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சலோ தொடர் வாந்தியோ இருந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அவை எதுவும் இல்லாதபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாவதாகப் பார்த்த குழந்தை நல மருத்துவர் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வலி வருதாம்மா?"

நான் கணக்கு எழுதுபவள் என்பதால் மருந்து கொடுத்த நாள்களையெல்லாம் ஒரு சிறு நோட்டில் குறித்திருந்தேன். அங்கேயே கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அப்படியானால் பள்ளியில்தான் ஏதோ நடக்கிறது, யாரோ மிரட்டுகிறார்கள் என்று என் மனம் உடனே அந்தப் பக்கம் ஓடியது. மருத்துவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் பள்ளி உண்டா என்று கேட்டார். இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் வலி இருந்தது. காலாண்டு விடுமுறையிலும் வலி இருந்தது. பள்ளி இல்லாத அந்த நாள்களில் இருந்தவை டியூஷனும் கையெழுத்து வகுப்பும் மட்டுமே. அந்த நோட்டை நான் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட அப்படிப் பார்க்கவில்லை. குழந்தை பொய் சொல்லவில்லை, மனம் நெருக்கப்படும்போது சிறு பிள்ளைகளுக்கு வயிறு உண்மையாகவே வலிக்கும் என்று அவர் விளக்கினார். திங்கட்கிழமை காலையில் நான் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனையிலிருந்து ஐந்து ரோடு வரை அவளைத் தோளில் சுமந்துகொண்டே நடந்தேன். அவள் கேட்கவில்லை, எனக்குத்தான் அப்படிச் செய்யத் தோன்றியது.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை முதலில் டைரியைக் கேட்டார். ஆகஸ்ட் மாதப் பக்கத்தில், "வீட்டில் எழுத்துப் பயிற்சி தருவதற்கு முன் என்னை ஒருமுறை சந்திக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. ஏதோ குறை சொல்கிறார்கள் என்று நினைத்து, கையெழுத்திட்டுவிட்டுப் போகாமல் இருந்திருக்கிறேன். டைரியில் வரும் குறிப்பு குற்றச்சாட்டாகத் தோன்றினாலும் உடனே போய்ப் பார்த்துவிடுங்கள். பிறகு அவர் என்னை வகுப்பறையின் பின்வரிசையில் அரைமணி நேரம் உட்காரவைத்தார். என் மகள் சாக்கட்டியால் சிறு பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள், இடது கையால். வீட்டில் நாங்கள் யாரும் அவள் இடது கையால் எழுதி அதுவரை பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். வகுப்பறையும் வீடும் மூன்று வகைகளில் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன, ஐந்து வயதுக் குழந்தை நடுவில் நின்று இரண்டுக்கும் ஈடுகொடுக்க முயன்றுகொண்டிருந்தது. முதலாவது, எழுத்துகளின் வரிசை. அந்தப் பள்ளியில் தமிழ் எழுத்துகளை ஒலி வரிசையில் சொல்லிக்கொடுத்தாலும், எழுதும்போது கோடுகள் எளிதாக உள்ளவற்றிலிருந்து தொடங்கினார்கள். 'ட' என்பதில் இரண்டு நேர்கோடுகள், 'ப' என்பதில் மூன்று. 'அ' என்ற எழுத்திலோ சுழி, வளைவு, கோடு ஆகிய மூன்றும் ஒரே இழுப்பில் சேர வேண்டும். கைக்கு அது கடினம். நான் பின்தங்கியதாக நினைத்த அந்த 'ட' பக்கம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் இறுகுகின்றன, ஐந்து வயதில் அந்த வேலை முடிந்திருக்காது என்று குழந்தை மருத்துவர் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்த்தபோது, தினமும் மூன்று பக்கம் என்பது எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கியது.

இரண்டாவது, ஆங்கில எழுத்தின் பெயரும் ஒலியும். பள்ளியில் எழுத்துகளை ஒலியாகவே அறிமுகப்படுத்தினார்கள். பூனையைக் குறிக்கும் சொல்லின் மூன்று எழுத்துகளை 'க்', 'ஆ', 'ட்' என்று ஒலித்துச் சேர்த்தால் ஏறத்தாழச் சொல் வந்துவிடும். நானும் டியூஷனிலும் 'சி', 'ஏ', 'டி' என்று பெயர்களைச் சொல்லிச் சேர்க்கச் சொன்னோம். அதை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் 'சியேடி' என்றுதான் வரும், பூனை வராது. குழந்தை விழிப்பதைக் கண்டு கவனம் இல்லை என்று திட்டினேன். இதேபோல, சிறிய 'டி' (d) எழுத்தைப் பள்ளியில் வளைவில் தொடங்கிக் கோட்டில் முடிக்கவும், சிறிய 'பி' (b) எழுத்தைக் கோட்டில் தொடங்கி வளைவில் முடிக்கவும் பழக்கினார்கள். தொடங்கும் இடம் வேறாக இருந்தால் இரண்டும் குழம்பாது என்பது அதற்குக் காரணம். டியூஷனில் இரண்டுக்கும் முதலில் கோடு, பிறகு வட்டம் என்று சொல்லித்தர, அவளுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் காணப்படும் இயல்பான ஒன்று என்றும், ரப்பரால் அழிக்காமல் பக்கத்திலேயே சரியான எழுத்தை ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும் என்றும் ஆசிரியை சொன்னார். நான் அழித்து அழித்துத் தாள் கிழிந்த பக்கங்களை மகள் தன் பைக்குள் மடித்து ஒளித்து வைத்திருந்ததை அன்று அவர்தான் எடுத்துக் காட்டினார். பதினொரு தாள்கள் இருந்தன.

மூன்றாவது, கை. டியூஷனில் பென்சிலை இடது கையில் பிடித்தபோதெல்லாம் வலது கைக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான், பழகினால் மாறிவிடும் என்ற நம்பிக்கையில்தான். உலகில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடது கைப்பழக்கம் உள்ளவர். அது மூளையின் அமைப்போடு சேர்ந்து வருவது, திருத்த வேண்டிய கெட்ட பழக்கம் அன்று. மூன்று வயது முதல் ஐந்து வயதுக்குள் பெரும்பாலும் அது தெளிவாகத் தெரிந்துவிடும். எந்தக் கையால் பந்தை எறிகிறார்கள், எந்தக் கையால் பல் துலக்குகிறார்கள் என்று கவனித்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க அண்ணனையும் அப்படித்தான் கையைக் கட்டிப்போட்டு மாத்துனாங்க கண்ணு, அவரு கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடவே கூச்சப்படுவாரு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகளின் இடது கைக்கு அவரே காவல். இடது கைக் குழந்தைகளுக்குச் சில எளிய உதவிகள் உண்டு. தாளின் மேல்பகுதி சற்று வலப்பக்கம் சாயும்படி வைக்க வேண்டும். எழுதியதைத் தன் கையே மறைக்காமலிருக்க, பென்சிலைக் கூர்முனையிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கப் பழக்க வேண்டும். இரண்டு பேர் அமரும் மேசையில் இடது ஓரத்தில் உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கைகள் இடித்துக்கொள்ளும். இடது கைக்கான கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியாது.

டியூஷனையும் கையெழுத்து வகுப்பையும் அந்த வாரமே நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் அடுத்த பத்து நாள்கள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏதோ பெரிய வாய்ப்பைக் கைவிட்டுவிட்டது போன்ற பதற்றம் இருந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று உத்தரவிட்டதையும், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடிப்படைக் கட்டமாக வைத்து விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துவதையும் ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே வேண்டாம் என்று சொல்லப்பட்டதை யூ.கே.ஜி. குழந்தைக்கு மூன்று பக்கமாக நான் விலை கொடுத்து வாங்கியிருந்தேன்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆசிரியை தந்த பதில் மிகச் சுருக்கமானது. வகுப்பில் நடப்பதை வீட்டில் மறுபடியும் நடத்த வேண்டாம், வகுப்பில் கற்றதை வீட்டில் பயன்படுத்தும் சந்தர்ப்பங்களை மட்டும் உண்டாக்குங்கள் என்றார். அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரம் எந்த எழுத்து, எந்த எண், எந்தப் பாட்டு என்று டைரியில் ஒரே வரியில் எழுதித் தர ஒப்புக்கொண்டார். உங்கள் பிள்ளையின் ஆசிரியையிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். வரிசை என்ன, ஒலியா பெயரா, கோடு எங்கே தொடங்குகிறது, கூட்டலுக்கு வகுப்பில் என்ன சொல் பயன்படுத்துகிறார்கள் என்ற நான்கையும் ஜூன் மாதத்திலேயே தெரிந்துகொண்டால் எனக்கு நேர்ந்த குழப்பத்தில் பெரும்பகுதி வராது.

எண்கள் விஷயத்தில் எனக்குக் கிடைத்த அதிர்ச்சி வேறு வகையானது. மகள் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பாள், நான் அதைத் தொலைபேசியில் அவள் அப்பாவுக்குச் சொல்லவைத்துப் பெருமைப்படுவேன். ஆசிரியை சொல்லியனுப்பியபடி, சமையலறையிலிருந்து ஏழு கரண்டி எடுத்து வரச் சொன்னேன். கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். ஏழு என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏழு என்ற அளவு தெரிந்திருக்கவில்லை. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவதுதான் கணக்கின் தொடக்கம், ஒப்பிப்பது பாட்டு மட்டுமே. மாமியார் பரணிலிருந்து தம் பழைய பல்லாங்குழிப் பலகையை இறக்கினார். பதினான்கு குழிகள், ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டைகள், ஒவ்வொரு குழியிலும் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்றைத் தாண்டிவிட்டால் எதிரில் இருக்கும் அப்பத்தா விடமாட்டார். 14,000 ரூபாய் டேப்லெட் செய்யாததை அந்தப் பலகை மூன்று வாரத்தில் செய்தது. வெறும் காலியான குழியைப் பார்த்து, "இதுல பூஜ்ஜியம் இருக்கு" என்று அவள் ஒரு நாள் தானாகவே சொன்னாள்.

கைவிரல்களுக்கு வலுவேற்றும் பயிற்சியும் சமையலறையிலேயே இருந்தது. சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது, பட்டாணி உரிப்பது, துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது ஆகியவையெல்லாம் பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்களின் வேலை. கிரேயானை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தால், முஷ்டியால் பிடிக்க இடமில்லாமல் குழந்தை விரல்நுனியால் பிடிக்கும். எழுதுவது என்பது ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதுவும் அவளுக்குத் தேவைப்பட்டதை மட்டும் என்று வைத்துக்கொண்டோம். கடைக்குப் போகும் பட்டியலில் 'பால்' என்று எழுதுவது, அப்பாவுக்கு அனுப்பும் படத்தின் கீழே தன் பெயரை எழுதுவது போன்றவை. பள்ளியிலிருந்து வந்ததும் சாப்பாடும் விளையாட்டும் முடியும் வரை பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. "இன்னைக்கு என்ன எழுதின?" என்ற கேள்வியையும் விட்டுவிட்டேன். "இன்னைக்கு யாரு பக்கத்துல உட்கார்ந்த? எந்தப் பாட்டுக்குக் கை தட்டுனீங்க?" என்று கேட்டால், எழுதியதும் தானாக வெளியே வந்துவிடுகிறது.

தூக்கத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த வயதில் இரவும் பகலுமாகப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. அழித்து எழுதவைத்து முடிக்கையில் பத்தரை ஆகிவிடும், காலை ஆறரைக்கு எழுப்புவேன். எட்டு மணி நேரம் தூங்கிய குழந்தையிடம் வகுப்பில் கவனத்தை எதிர்பார்த்திருக்கிறேன். இப்போது எட்டரை மணிக்கு விளக்கை அணைக்கிறோம். மற்ற எல்லா மாற்றங்களையும்விட இதன் பலன்தான் விரைவாகத் தெரிந்தது என்பது என் எண்ணம். இரண்டாவது வாரத்திலேயே காலை அழுகை குறைந்தது.

அரையாண்டு விடுமுறையில் என் கணவர் பதினைந்து நாள் விடுப்பில் வந்தார். நாங்கள் நால்வரும் பேருந்தில் ஏற்காடு போனோம். அந்த வாரத்துக்கான டைரி வரியில் இருபதிலிருந்து ஒன்று வரை இறங்கு வரிசை என்று இருந்தது. டியூஷன் நாள்களில் அதை எழுதிப் பழக நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது, ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைக் காட்டும் பலகை உண்டு. ஏறும்போது சன்னலோரம் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். பதினாறாவது வளைவுக்குப் பிறகு அடுத்த எண்ணை முன்கூட்டியே சொல்லிப் பலகை வந்ததும் சரிபார்த்துக்கொண்டாள். மாலையில் இறங்கும்போது இருபது என்ற பலகையைப் பார்த்ததும் திகைத்து, "எல்லாம் திரும்பிப் போகுதும்மா" என்று கத்தினாள். பேருந்தில் இருந்த பலரும் சிரித்தார்கள். ஒன்றாம் வளைவு வரை ஒரு எண்ணும் விடாமல் சொன்னாள். மேலே ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருந்த இடத்தில், உதிர்ந்து கிடந்த சிவந்த காப்பிப் பழங்களை அவள் அப்பா பிதுக்கிக் காட்டினார். ஒவ்வொரு பழத்திலும் இரண்டு விதைகள். நான்கு பழம், எட்டு விதை என்பதை அவள் விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்கு எனக்குத்தான் நிறையக் கட்டுப்பாடு தேவைப்பட்டது.

எல்லோரும் மலையேற வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் மாம்பழப் பருவத்தில் மல்கோவாவையும் இமாம்பசந்தையும் பெங்களூராவையும் அருகருகே வைத்து எது கனம், எது நீளம் என்று கேட்டாலே அளவுப் பாடம் வந்துவிடும். பழைய பேருந்து நிலையத்தில் நிற்கும் நகரப் பேருந்துகளின் எண்களைப் படிக்கச் சொல்லலாம், ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஆனால் அவற்றையும் தேர்வாக மாற்றிவிடக் கூடாது. நான் ஒரு நாள் தொடர்ந்து ஐந்து பெயர்ப்பலகைகளைக் கேட்டபோது அவள் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு பயணத்துக்கு ஒன்றிரண்டு, அதுவும் அவள் தொடங்கினால் மட்டும்.

புத்தகம் மடிக்குத் திரும்ப வந்ததுதான் கடைசியாக நடந்தது. ஜனவரி முழுவதும் அவள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. ஆசிரியை சொன்னபடி, நான் அவளைக் கூப்பிடாமல் இரவில் கட்டிலில் உட்கார்ந்து படக்கதைகளை உரக்க வாசித்தேன், மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் சிலவற்றை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ அவள் கதவருகே வந்து நின்றாள். அடுத்த நாள் கட்டிலின் கால்பக்கம் அமர்ந்தாள். பிப்ரவரி நடுவில் ஓர் இரவு, நான் வேண்டுமென்று செய்யாமலே ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தபோது, "யானை தும்முனதை விட்டுட்டீங்கம்மா" என்று தாளில் அந்த வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினாள். அவள் அதைப் படித்தாளா, நினைவிலிருந்து சொன்னாளா என்று சோதிக்க என் நாக்கு துடித்தது. சோதிக்கவில்லை. அந்த வரியை மீண்டும் வாசித்தேன்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். எழுத்து இன்னும் கோணல்தான், 'ந' என்பதும் 'ன' என்பதும் இடம் மாறுகின்றன, புதியவர்கள் எதிரில் பென்சிலை வலது கைக்கு மாற்றும் வழக்கம் முழுமையாகப் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே புதிய வகுப்பு ஆசிரியையைச் சந்திக்க நேரம் கேட்டு வாங்கினேன். அவள் இடது கைக்காரி என்பதையும், மேசையின் இடது ஓரம் வேண்டும் என்பதையும், சென்ற ஆண்டு நடந்தவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு அந்த நான்கு கேள்விகளையும் கேட்டு, பதில்களைப் பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். சந்திப்புக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின.